நிலம் போதுமா?



பல ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், ஒன்பதாம் வகுப்பில் உலக மக்கள்தொகையைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, எங்கள் தாத்தாவுக்கு நான்கு ஏக்கர் நிலம் இருந்தது. அப்பாவுடன் பிறந்தவர்கள் மூவர். ஆளுக்கு ஓர் ஏக்கர் ஆயிற்று. நாங்கள் மூன்று பிள்ளைகள். எங்களுக்கு ஆளுக்கு முப்பத்துமூன்று சென்ட்தான் வரும். உலகமும் இப்படித்தானே? நிலம் வளராது, மக்கள் பெருகுகிறார்கள். பிறகு எல்லாரும் எதைச் சாப்பிடுவார்கள்?" என்று கேட்டான். நான் அவனைப் பார்த்துப் புன்னகை செய்து, "விஞ்ஞானம் வழிகாட்டும், உட்கார்" என்றேன். மணி அடித்தது, நானும் வெளியே வந்துவிட்டேன். அன்று நான் சொன்னது பாதி விடையே என்பதைப் பின்னர்ப் படித்து உணர்ந்தேன். மற்றைப் பாதியையும் சேர்த்து இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அம்மாணவன் போட்ட பாகக் கணக்கை உலகம் முழுவதற்கும் போட்டுப் பார்ப்போம். பூமியின் பரப்பு 51 கோடி சதுர கிலோமீட்டர். இதில் பத்தில் ஏழு பங்கு கடல். எஞ்சிய தரைப்பகுதி சுமார் 1,490 கோடி ஹெக்டேர். பனி மூடிய துருவங்களும், பாலைகளும், மலைகளும், காடுகளும், ஊர்களும் போக, உழுது பயிரிடும் நிலம் சுமார் 157 கோடி ஹெக்டேர். அதாவது, தரையில் பத்தில் ஒரு பங்கைவிடச் சற்று மிகுதி. கால்நடை மேயும் புல்வெளி இதைப்போல் இரண்டு மடங்கு உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி ஏர் பூட்டுவதற்கு ஏற்ற நிலம் அன்று.

1961ஆம் ஆண்டில் உலக மக்கள் சுமார் 307 கோடிப் பேர். அன்று இருந்த பயிர் நிலத்தைச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 110 சென்ட் கிடைத்திருக்கும். இன்று மக்கள் ஏறத்தாழ 820 கோடிப் பேர். பங்கு 47 சென்ட்டாகச் சுருங்கிவிட்டது. மக்கள்தொகை இந்நூற்றாண்டின் பிற்பகுதியில் சுமார் 1,030 கோடியை எட்டிப் பிறகு இறங்கத் தொடங்கும் என்று ஐக்கிய நாடுகள் சபை 2024இல் மதிப்பிட்டது. அப்போது நிலப்பரப்பு இன்றுபோலவே இருந்தால், ஆளுக்கு 38 சென்ட். அம்மாணவனின் அச்சம் வீண் அச்சம் அன்று என்பது இதிலிருந்து விளங்கும்.

இவ்வச்சத்திற்கு நூல் வடிவம் தந்தவர் தாமஸ் மால்தஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார். 1798ஆம் ஆண்டில், தம் பெயரைக் குறிப்பிடாமலேயே, அவர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். தடையேதும் இல்லாவிடில் மக்கள்தொகை 1, 2, 4, 8, 16 என்று பெருக்குத் தொடராக வளரும். உணவோ 1, 2, 3, 4, 5 என்று கூட்டுத் தொடராகவே வளரும். ஆகவே பஞ்சமும் நோயும் போரும் வந்து மக்கள்தொகையை உணவின் அளவுக்குக் குறைக்கும் என்பது அவர் வாதம். அவர் எழுதியபோது உலக மக்கள் சுமார் 100 கோடிப் பேரே. இன்று எட்டு மடங்குக்குமேல் பெருகிவிட்டனர். ஆயினும் அவர் அஞ்சிய உலகப் பஞ்சம் வரவில்லை. அவர் கணக்கில் பிழை எங்கே நேர்ந்தது? அவருக்குக் கணக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் ஓர் ஏக்கர் நிலம் எவ்வளவு தரக்கூடும் என்பது அவர் காலத்தில் எவருக்கும் தெரியாது. அதனை அறிய ஒரு வயலுக்குச் செல்வோம்.

இலண்டனுக்கு வடக்கே ரோதம்ஸ்டெட் என்னும் இடத்தில் ஓர் ஆராய்ச்சிப் பண்ணை உள்ளது. அங்கே பிராட்பாக் என்ற வயலில் 1843ஆம் ஆண்டில் ஜான் பென்னட் லாஸ் என்பவரும், ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்னும் இரசாயன அறிஞரும் ஒரு சோதனையைத் தொடங்கினர். வயலைப் பல துண்டங்களாகப் பிரித்துக் கோதுமை விதைத்தனர். ஒரு துண்டத்திற்கு எருவே இல்லை. ஒன்றிற்குத் தொழு உரம். மற்றவற்றிற்குப் பலவகை உப்புரங்கள். அச்சோதனை அன்றுமுதல் இன்றுவரை நடந்துவருகிறது. ஒன்றும் இடாத துண்டம் நூற்றெண்பது ஆண்டுகளாகியும் முற்றிலும் மலடாகவில்லை. ஹெக்டேருக்கு ஏறத்தாழ ஒரு டன் கோதுமை தந்துகொண்டே இருக்கிறது. அதே வயலில், அதே மழையில், தக்க உரமும் நல்ல விதையும் மாற்றுப் பயிரும் பெற்ற பகுதிகளிலோ ஒன்பது டன்னைத் தாண்டிய விளைவும் கண்டிருக்கிறார்கள்.

இந்த இரண்டு துண்டங்களையும் மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். நிலத்தின் பரப்பு மாறாதது. நிலத்தின் விளைவோ மாறக்கூடியது. அம்மாணவனின் குடும்பத்திலும் முப்பத்துமூன்று சென்ட்டில் ஒன்பது மடங்கு விளைந்தால், பாட்டனார் ஓர் ஏக்கரில் கண்டதைவிட மிகுதியாகவே கிடைக்கும் அன்றோ?

ஒரு டன்னை ஒன்பது டன்னாக்குவது எது? பல பொருள்கள் வேண்டும். அவற்றுள் தலையாயது நைட்ரஜன். நம் உழவர் தழைச்சத்து என்பது இதனையே. இலையின் பசுமைக்கும், நம் உடலின் தசைக்கும் இது இன்றியமையாதது. காற்றில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு நைட்ரஜனே. ஆயினும் பயிரால் அதனை நேரே உண்ண இயலாது. பயறு, உளுந்து போன்றவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் அதனைப் பற்றிப் பயிருக்கு ஏற்ற வடிவில் தருகின்றன. அதனாலேயே நம் முன்னோர் கொளுஞ்சியையும் சணப்பையும் விதைத்து மடக்கி உழுதனர், ஆட்டுக்கிடை போட்டனர், ஏரி வண்டலை வயலில் கொட்டினர். ஆனால் இவ்வழிகளால் கிடைக்கும் தழைச்சத்துக்கு ஓர் எல்லை உண்டு.

அவ்வெல்லையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் வில்லியம் குரூக்ஸ் என்னும் ஆங்கில விஞ்ஞானி. 1898ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரில் கூடிய விஞ்ஞானிகள் மாநாட்டில் தலைமையுரை ஆற்றும்போது, கோதுமை உண்ணும் நாடுகள் பற்றாக்குறையை நெருங்கிவிட்டன என்று அவர் எச்சரித்தார். அக்காலத்தில் தென் அமெரிக்காவின் சிலி நாட்டுப் பாலையில் வெட்டி எடுத்த வெடியுப்பே பெரிய உரமாக விளங்கியது. அது தீர்ந்துபோகும், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதே இரசாயன அறிஞரின் கடமை என்றார் அவர். பதினோர் ஆண்டுகளில் அது கைகூடியது. 1909இல் ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஹேபர், மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் இணைத்து அம்மோனியா உண்டாக்கிக் காட்டினார். கார்ல் போஷ் அதனைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்க்க, 1913இல் முதல் ஆலை இயங்கத் தொடங்கியது. நாம் இன்று வாங்கும் யூரியா மூட்டை அவ்வழியில் வந்ததே. அதே அம்மோனியாவிலிருந்து முதல் உலகப்போருக்கு வெடிமருந்தும் செய்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இன்று உலக மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரின் உணவு இம்முறையால் கிடைத்த நைட்ரஜனைச் சார்ந்தே விளைகிறது என்று அறிஞர்கள் மதிப்பிடுகின்றனர்.

உரம் வந்தபின் ஒரு புதுத் தொல்லை எழுந்தது. பழைய கோதுமையும் நெல்லும் உயர்ந்து வளர்பவை. உரம் மிகுந்தால் கதிரின் பாரம் தாங்காமல் பயிர் சாய்ந்துவிடும். ஆகவே குட்டைப் பயிர் தேவைப்பட்டது. ஜப்பானிலிருந்து கிடைத்த நோரின் 10 என்னும் குட்டைக் கோதுமையின் பண்பைக் கொண்டு, மெக்சிகோவில் நார்மன் போர்லாக் புதிய விதைகளை உருவாக்கினார். பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் ஐ.ஆர்.8 என்னும் குட்டை நெல்லை வெளியிட்டது.

இவை நம் நாட்டுக்கு வந்த காலத்தை நான் சிறுவனாக இருந்து கண்டவன். 1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பருவமழை பொய்த்தது. 1966இல் மட்டும் ஒரு கோடி டன் அளவுக்குத் தானியம் கப்பலில் வந்து இறங்கியது. அதில் பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. பள்ளியில் நண்பகலில் தட்டில் விழுந்த உப்புமா கடல் கடந்து வந்தது என்பதை நாங்கள் அன்று அறியோம். சூடாக இருந்தது, உண்டோம். அறிந்தவர்களோ அஞ்சினர். 1967இல் அமெரிக்கச் சகோதரர்களான வில்லியம் பாடக், பால் பாடக் இருவரும், இந்தியாவைக் காப்பாற்ற இயலாது, அதற்கு உணவு அனுப்புவதும் பயனற்றது என்னும் கருத்துப்பட ஒரு நூலே எழுதினர்.

அதற்கு முந்திய ஆண்டிலேயே இந்தியா மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமையை வரவழைத்திருந்தது. அன்று உணவு அமைச்சராக இருந்தவர் நம் சி. சுப்பிரமணியம், விதை ஆராய்ச்சிக்குத் துணைநின்றவர் எம். எஸ். சுவாமிநாதன். 1964–65இல் நாட்டின் கோதுமை விளைவு 1.23 கோடி டன். 1970–71இல் அது 2.38 கோடி டன். ஆறே ஆண்டுகளில் ஏறத்தாழ இரு மடங்கு. நீண்ட காலக் கணக்கையும் பாருங்கள். 1951இல் நம் மக்கள் 36 கோடி. இன்று 140 கோடிக்கு மேல். ஏறத்தாழ நான்கு மடங்கு. உணவுத் தானியமோ 1950–51இல் 5.1 கோடி டன். 2023–24இல் 33 கோடி டன். ஆறு மடங்குக்குமேல். ஆனால் உழுது விதைத்த நிகர நிலம் 1970 முதல் ஏறத்தாழ 14 கோடி ஹெக்டேர் என்ற அளவிலேயே நிற்கிறது.

இதுவரை சொன்னது, "விஞ்ஞானம் வழிகாட்டும்" என்ற என் பழைய விடைக்கு விளக்கம். இனி, அன்று நான் சொல்லத் தவறிய பாதிக்கு வருவோம்.

ஒரு டன் விளைந்த நிலத்தில் ஒன்பது டன் விளைந்தால், மிகுந்த எட்டு டன்னும் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. அவற்றிற்கு நாம் விலை கொடுக்கிறோம். சிலவற்றைக் கடனாகவும் வாங்குகிறோம். அம்மோனியா செய்ய வேண்டிய ஹைட்ரஜன் பெரும்பாலும் நிலத்தடி எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. உலகின் மொத்த ஆற்றல் செலவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு இத்தொழிலுக்கே போகிறது. நாம் வயலில் இடும் தழைச்சத்தில் ஏறத்தாழப் பாதியைத்தான் பயிர் உண்கிறது. எஞ்சியது நீரோடு ஓடி ஆறுகளையும் கடலோரங்களையும் கெடுக்கிறது. காற்றில் கலந்து பூமியின் வெப்பத்தையும் கூட்டுகிறது. வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் உலகக் கோதுமை விளைவு நூற்றுக்கு ஆறு பங்கு அளவு குறையலாம் என்று ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. விளைவைப் பெருக்கிய பொருளே விளைவைக் குறைக்கவும் காரணமாகிறது!

நீர்க்கடன் இன்னும் வெளிப்படையானது. பசுமைப் புரட்சியின் தாயகமான பஞ்சாபில், ஆண்டுதோறும் நிலத்தடியில் ஊறும் நீரில் நாம் எடுக்கத்தக்கது நூறு குடம் என்றால், எடுப்பது நூற்றைம்பது குடத்திற்கும் மேல். அதிகப்படியான ஐம்பது குடம் யாருடையது? இனிப் பிறக்கப்போகிறவர்களுடையது. வருவாய்க்குமேல் செலவிடும் குடும்பம் செழிப்பாகத்தான் தோன்றும். முதல் கரையும் வரையில்.

நிலத்தைப் பெருக்கினால் ஆகாதா என்று கேட்கலாம். எஞ்சியுள்ள நல்ல நிலத்தில் பெரும்பகுதி காடும் இயற்கைப் புல்வெளியுமே. பிரேசில் நாட்டில் செராடோ என்னும் பரந்த வெளியில் மண் புளிப்பாக இருந்தது. அதற்குச் சுண்ணாம்பு இட்டுச் சீர்செய்து, உலகம் வியக்கும் அளவுக்குச் சோயா விளைத்தார்கள். அது உழவின் வெற்றியே. ஆனால் அங்கு இருந்த மரமும் புல்லும் உயிரினமும் அழிந்த அளவு மிகப் பெரிது. ஆகவே, இருக்கும் நிலத்தில் விளைவைக் கூட்டுவதே நல்வழி. அதற்கு இடம் உண்டு. உலகில் தானிய விளைவு சராசரியாக ஹெக்டேருக்கு நான்கு டன்னைத் தாண்டிவிட்டது. சகாராப் பாலைக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் அது இரண்டு டன்னைக்கூட எட்டவில்லை. அங்குள்ள உழவர்கள் உழைப்பில் குறைந்தவர்கள் அல்லர். உரமும் நீரும் கடன் வசதியும் சாலையும் அவர்களுக்குக் கிட்டவில்லை.

இன்னொரு கணக்கும் போடவேண்டும். உலகில் ஆண்டுதோறும் விளையும் தானியம் 280 கோடி டன்னுக்கு மேல். அதனை 820 கோடிப் பேருக்குப் பங்கிட்டால், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒரு கிலோ தானியத்தை ஒருவர் ஒரே நாளில் உண்டு முடிப்பது அரிது. காய், கனி, கிழங்கு, பருப்பு, பால், மீன் எல்லாம் இக்கணக்கில் சேரவில்லை. இருந்தும் 2024ஆம் ஆண்டில் ஏறத்தாழ 67 கோடிப் பேர் பசியால் வாடினர் என்று ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை கூறுகிறது. தானியம் எங்கே போயிற்று?

ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கோழிக்கும் பன்றிக்கும் மாட்டுக்கும் தீவனமாயிற்று. புல் மேயும் ஆடும் மாடும் உழ இயலாத நிலத்தை உணவாக மாற்றித் தருகின்றன. அவற்றை நாம் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் மனிதன் உண்ணத்தக்க தானியத்தைக் கொடுத்து இறைச்சியாக மாற்றும்போது, கொடுத்ததில் ஒரு சிறு பகுதியே திரும்பி வருகிறது. அமெரிக்காவில் விளையும் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மோட்டார் வண்டிகளுக்கு எரிபொருளாகப் போகிறது. இவையன்றி, 2022இல் கடைகளிலும் உணவு விடுதிகளிலும் வீடுகளிலும் வீணாகிய உணவு மட்டும் 105 கோடி டன். நம் வீட்டுத் திருமணப் பந்தியில் இலையோடு எறிவதும் இக்கணக்கில் அடங்கும்.

உணவு இருந்தும் வாங்கப் பணம் இல்லாதவன் பட்டினி கிடப்பான் என்பதற்கு 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் ஆறாத சான்று. இருபது இலட்சம் முதல் முப்பது இலட்சம் பேர் வரை மாண்டனர். போர்க்காலத்தில் அரிசி விலை ஏறியது. கூலி அதற்கேற்ப ஏறவில்லை. நிலமற்ற கூலிகளும் மீனவரும் முதலில் மடிந்தனர். விளைவுக் குறைவு மட்டும் அப்பேரழிவை விளக்காது என்று பொருளியல் அறிஞர் அமர்த்திய சென் 1981இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். ஆகவே, நிலம் போதுமா என்று கேட்பவர், கூலி போதுமா என்றும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

மால்தஸின் மற்றைத் தொடர் என்னாயிற்று என்பதையும் பார்ப்போம். 1960களில் உலகப் பெண்கள் சராசரியாக ஐந்து பிள்ளைகள் பெற்றனர். இன்று இரண்டைவிடச் சற்று மிகுதி. இந்தியாவில் 2019–21ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அது இரண்டே. தமிழ்நாட்டில் அதனினும் குறைவு. பஞ்சமோ கொள்ளைநோயோ இதனைச் செய்யவில்லை. பெண்கள் படித்தனர், பிறந்த குழந்தைகள் பிழைத்தனர், குடும்பத்தை அளவோடு அமைத்துக்கொள்ளும் வழி கிடைத்தது. பெண்குழந்தை பள்ளிக்குச் செல்வதும் உணவுப் பிரச்சினையின் ஒரு தீர்வே. பெருக்குத் தொடர் என்றும் பெருக்குத் தொடராகவே இருக்கவேண்டும் என்னும் விதி இல்லை.

எனவே, நிலம் போதுமா என்ற கேள்விக்கு என் விடை இது. இன்னும் 200 கோடிப் பேர் வந்தாலும் நிலம் போதும். ஆனால் சில நிபந்தனைகளின்மேல் போதும். எடுக்கும் நீர் ஊறும் நீரை மிஞ்சாதிருக்கவேண்டும். இடும் உரத்தைப் பயிர் உண்ணும்படி அளவறிந்து இடவேண்டும். பயறு வகையும் தொழு உரமும் மீண்டும் வயலுக்கு வரவேண்டும். குறைவாக விளையும் நாடுகளுக்கு விதையும் உரமும் அறிவும் சேரவேண்டும். விளைந்ததை வீணாக்காமல், வறியவனும் வாங்கும்படி செய்யவேண்டும். இவற்றுள் ஒன்றையேனும் நிலம் தானே செய்துகொள்ளாது, நாம் செய்யவேண்டும். "விஞ்ஞானம் வழிகாட்டும்" என்றேன் அன்று. வழிகாட்டும் என்பது மெய். நடக்கவேண்டியவர்கள் நாம் என்பதை நான் சேர்த்துச் சொல்லவில்லை.

நண்பர்களே, உங்கள் பங்கான 47 சென்ட் ஒரே இடத்தில் இல்லை. அதில் சில சென்ட் தஞ்சையிலும், சில பஞ்சாபிலும், எண்ணெய் வித்து விளையும் அயல்நாட்டு வயல்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை உழுபவரை நீங்கள் கண்டதில்லை. அவருடைய கிணற்றில் நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாது. வேளாண்மையும் இரசாயனமும் பொருளியலும் கற்கப்போகும் உங்களுள் சிலரேனும் அதனைத் தெரிந்துகொள்ள முயலுங்கள். அன்று கேள்வி கேட்ட அம்மாணவன் எங்கிருந்தாலும், காலம் தாழ்ந்த இவ்விடை அவன் செவிக்கு எட்டுமாயின் மகிழ்வேன்.